ஏலக்காய் வணிக அலுவலகத்தில் குரூப் பாலிசி மாற்றம்: வேலை நிற்காமல் செய்வது எப்படி?

மேட்டுச்சாலை (போடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரில் தலைமை அலுவலகமும் குமுளி, வண்டன்மேடு ஆகிய இரண்டு ஊர்களில் கிளைகளும் கொண்ட ஓர் ஏலக்காய் வணிக நிறுவனத்தின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். மூன்று இடங்களையும் சேர்த்து ஏறத்தாழ 60 விண்டோஸ் கணினிகள் ஒரே டொமைனில், அதாவது ஒரே மைய நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. அதை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் போடியில் மட்டுமே உள்ளது. கிளைகள் விபிஎன் (இணையத்தின் மேல் அமைத்த தனிப் பாதை) வழியாக அதனுடன் இணைகின்றன. மழைக்காலத்தில் மலைமேல் மின்சாரமும் இணைய இணைப்பும் எப்படிப் போய்வரும் என்பதை இடுக்கிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அண்மையில் தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு மாற்றங்களைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த இணைப்பை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ஃபயர்வால் எல்லாக் கணினிகளிலும் குரூப் பாலிசி (சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை வகுக்கும் கொள்கை) மூலமாகவே நிர்வகிக்கப்பட வேண்டும், அந்தந்தக் கணினியில் அவரவர் உருவாக்கிய உள்ளூர் விதிகள் செல்லக்கூடாது என்பது ஒன்று. கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்வதற்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி1 எங்கும் இயங்கக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கோரிக்கைகள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

என் கவலையெல்லாம் வேலை செய்யும் மனிதர்களைப் பற்றியது. போடியிலும் புத்தடியிலும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் நடக்கும் வேளையில், அலுவலகத்தில் இருப்பவர்கள் கையிருப்பையும் வந்த ஆர்டர்களையும் திரையில் பார்த்து, ஏல மையத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆளுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடைக் கவுன்டரில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். எடைச் சீட்டு அச்சாகாமல் நின்றுவிட்டால், காய் கொண்டுவந்த விவசாயியின் ஜீப் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எந்தக் கணினியில் யார் எந்த விதியை எப்போது திறந்து வைத்தார்கள் என்பதற்கு எங்களிடம் ஆவணம் எதுவும் இல்லை. இந்த மாற்றங்களை எந்த வரிசையில், எந்த நேரத்தில் செய்வது, தவறினால் எப்படித் திரும்பப் பெறுவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வாளையாறு எழுதியது:

வணக்கம் ஐயா. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் இதே பணியைச் செய்பவன் நான். கொள்கையை எழுதத் தொடங்கும் முன், இப்போது உங்கள் கணினிகள் ஒன்றுடன் ஒன்று என்ன பேசிக்கொண்டிருக்கின்றன என்பதை அவற்றின் பதிவுகளிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்களிடம் கேட்டால் தாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைச் சொல்வார்களே தவிர, அது பக்கத்து மேசையிலுள்ள கணினியைத் தேடிப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஃபயர்வாலைப் பொறுத்தவரை, எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஒரு கொள்கையை முதலில் அனுப்புங்கள். தடுக்கப்பட்டவற்றை மட்டும் பதிவு செய்வதால் உங்களுக்குப் பயனில்லை. உள்ளூர் விதிகளின் தயவால் இன்று அனுமதிக்கப்படுகின்ற இணைப்புகள்தான் நாளை அறுந்துபோகக்கூடியவை, ஆகவே வெற்றிகரமான இணைப்புகளையும் பதிவு செய்யும் அமைப்பைச் சேர்த்தே இயக்குங்கள். பதிவுக் கோப்பின் இயல்பான உச்ச அளவு 4,096 கிலோபைட் மட்டுமே. பரபரப்பான கணினியில் அது விரைவில் நிரம்பிப் பழையது அழிந்துவிடும் என்பதால், கொள்கையிலேயே 32,767 வரை உயர்த்திவிடலாம். ஏல நாள்கள், மாதக் கடைசி, சம்பளக் கணக்கு என்று அலுவலகத்தின் எல்லா வகை வேலைகளும் ஒரு சுற்று வந்து முடியும்வரை பதிவு ஓடட்டும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் வேலை ஒன்று எங்கேயாவது இருக்கும், அதுதான் கடைசியில் நம் கழுத்தைப் பிடிக்கும்.

எஸ்எம்பி1-க்கும் இதே வழி உண்டு. கோப்புச் சர்வரில் பவர்ஷெல் கட்டளை மூலம் எஸ்எம்பி1 அணுகலுக்கான தணிக்கையை இயக்கிவிட்டால், அந்தப் பழைய நெறிமுறையில் யார் வந்து கதவைத் தட்டினாலும் எஸ்எம்பிசர்வர் தணிக்கைப் பதிவேட்டில் 3000 என்ற எண்ணுள்ள நிகழ்வாக, வந்தவரின் ஐபி முகவரியுடன் பதிவாகும். விண்டோஸ் 10-இல் 1709 பதிப்பிலிருந்தே புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வருவதில்லை. எனவே உங்கள் பட்டியலில் அகப்படப்போவது பெரும்பாலும் கணினியாக இருக்காது, பழைய ஸ்கேனரோ ஜெராக்ஸ் இயந்திரமோதான் இருக்கும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். டொமைன் முழுவதற்கும் இயல்பாகவே அமைந்திருக்கும் டிஃபால்ட் டொமைன் பாலிசிக்குள் கை வைக்காதீர்கள். ஃபயர்வாலுக்கு ஒன்று, எஸ்எம்பிக்கு ஒன்று என்று தனித்தனிக் கொள்கைகளாக உருவாக்குங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டு அனுப்பிவிட்டால், நாளை அச்சுப்பொறி நின்றதற்குக் காரணம் எது என்று பிரித்தறிய முடியாமல் இரண்டையும் சேர்த்தே திரும்பப் பெற வேண்டி வரும்.

செங்கோட்டை வாசி எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் இத்தனை நாள் காத்திருக்க எல்லா நிர்வாகமும் அனுமதிக்காது. புனலூர், கொல்லம் வரை கிளைகள் உள்ள எங்கள் அலுவலகத்தில் இத்தகைய மாற்றங்களை ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் செய்கிறோம். யாரும் வேலையில் இல்லாதபோது செய்துவிட்டால் இடையூறு என்ற பேச்சுக்கே இடமில்லை. குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலில் எல்லாக் கொள்கைகளையும் பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்; தவறினால் மீட்டுக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

பேக்கப் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் கேட்டவரின் அலுவலகத்துக்கு இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன்.

குரூப் பாலிசியை நாம் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொரு கணினியும் தானே வந்து எடுத்துக்கொள்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் கணினி 90 நிமிடங்களுக்கு ஒரு முறை, அதனுடன் 0 முதல் 30 நிமிடம் வரை தற்செயலாகக் கூட்டப்படும் இடைவெளியுடன், பின்னணியில் கொள்கையைப் புதுப்பித்துக்கொள்ளும். அணைத்து வைக்கப்பட்ட கணினி எதையும் எடுத்துக்கொள்ளாது. ஞாயிறு இரவு சர்வரில் மாற்றத்தைச் செய்தால், அது உண்மையில் நடைமுறைக்கு வருவது திங்கள் காலை எல்லோரும் வந்து சுவிட்சைப் போடும் அந்த ஒரே வேளையில்தான். எல்லாக் கணினிகளும் ஒருசேர மாறும், எல்லாத் தொலைபேசிகளும் ஒருசேர ஒலிக்கும், வெளியே ஜீப்புகளும் நின்றுகொண்டிருக்கும். ஆகவே வாரத்தின் நடுவில், ஏலம் முடிந்த பிற்பகலில், கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அவற்றைப் பயன்படுத்துபவர்கள் அருகில் இருக்கும்போதே, ஒரு சிறு குழுவுக்கு மட்டும் செய்யுங்கள். அவர்களையே ஒரு சீட்டு அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கன்சோலிலிருந்து தொலைநிலைப் புதுப்பிப்பைக் கொடுத்தால், அது ஒவ்வொரு கணினியிலும் பத்து நிமிடத்துக்குள் ஓடும் ஒரு பணியாகப் பதிவாகிவிடும். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறு குழு என்று நான் சொல்வது ஐ.டி. அறையில் இருக்கும் கணினிகளை அல்ல. எடைக் கவுன்டரில் ஒன்று, கணக்குப் பிரிவில் ஒன்று, ஒவ்வொரு கிளையிலும் ஒன்று என்று வேலையின் வகைக்கு ஒன்றாக எடுங்கள். எடைக் கவுன்டரில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றொன்றில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி உங்கள் மலைக் கிளைகளைப் பற்றி. விண்டோஸ் ஃபயர்வாலுக்கு டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று சுயவிவரங்கள் உண்டு. டொமைன் கன்ட்ரோலரைத் தொட முடிந்தால்தான் அது டொமைன் சுயவிவரத்தில் இருக்கும். மழை நாளில் விபிஎன் அறுந்திருக்கும்போது வண்டன்மேட்டில் ஒரு கணினியை இயக்கினால், அது தன்னை பப்ளிக் வலையமைப்பில் இருப்பதாகக் கருதிக்கொள்ளக்கூடும். நீங்கள் அச்சுப்பொறிப் பகிர்வுக்கான விதியை டொமைன் சுயவிவரத்துக்கு மட்டும் எழுதியிருந்தால், இணையம் போனதோடு பக்கத்து மேசைக்கு அச்சிடுவதும் நின்றுவிடும். போடியில் சோதிக்கும்போது இது ஒருபோதும் வெளிப்படாது. எனவே கிளை அலுவலகத்துக்குள்ளேயே தேவைப்படும் விதிகளை மூன்று சுயவிவரங்களுக்கும் எழுதுங்கள். எழுதும்போது எதிர்முனை முகவரியை அந்தக் கிளையின் ஐபி வரம்புக்குள் கட்டுப்படுத்திவிடுங்கள். சோதனையின்போது ஒரு முறை ரூட்டரில் விபிஎன்னைத் துண்டித்து, கணினியை மறுதொடக்கம் செய்து, சீட்டு வருகிறதா என்று பாருங்கள்.

உள்ளூர் விதிகளைச் சேர்க்க வேண்டாம் என்ற அமைப்பை இயக்கியவுடன், யாரோ கையால் உருவாக்கிய விதிகள் மட்டுமல்ல, விண்டோஸுடன் வந்த இயல்பான விதிகளும் செல்லாமல் போகும். கோர் நெட்வொர்க்கிங் (அடிப்படை வலையமைப்பு விதிகள்), ரிமோட் டெஸ்க்டாப், நீங்கள் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் விதிகள் ஆகியவற்றையும் கொள்கைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. வெளிச்செல்லும் இணைப்புகளை இயல்பாக அனுமதிப்பது என்ற நிலையை மாற்றவே வேண்டாம். கடைசியாகப் பெற்ற கொள்கை, இணைப்பு இல்லாவிட்டாலும் கணினியிலேயே நிலைத்திருக்கும். டொமைன் கன்ட்ரோலருக்குச் செல்லும் வழியையே அடைக்கும் கொள்கையை அனுப்பிவிட்டால், அதைத் திருத்திய கொள்கை அந்தக் கணினியைச் சென்று சேராது, யாராவது மலையேறிப் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, அறிவிப்பு. எங்கள் ஊரில் தமிழும் மலையாளமும் ஒரே மேசையில் இருப்பவை. உங்கள் குமுளியிலும் அப்படித்தான் இருக்கும். ஊழியர்களுக்கு அனுப்பும் குறிப்பை இரு மொழிகளிலும் எழுதுங்கள். என்ன தொழில்நுட்பம் மாறுகிறது என்று விளக்குவதைவிட, எந்த நாள், எந்த நேரம், எது நின்றால் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதைச் சொல்வதே அவர்களுக்குத் தேவை.

மேட்டுச்சாலை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. பதிவு மட்டும் செய்யும் கொள்கையை அனுப்பி, மாதக் கடைசி தாண்டும்வரை ஓடவிட்டேன். எதிர்பாராத பலவும் வெளிவந்தன. எடைக் கவுன்டரின் சீட்டு அச்சுப்பொறி ஒரே கணினியில் இணைக்கப்பட்டு, அங்கிருந்து எஸ்எம்பி பயன்படுத்தும் 445 என்ற போர்ட் (இணைப்பு வாசல் எண்) வழியாக மற்ற மூன்று மேசைகளுக்குப் பகிரப்பட்டிருக்கிறது. வண்டன்மேட்டில் கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் சர்வரில் இல்லை; மேலாளரின் மேசைக் கணினியிலேயே எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் இயங்குகிறது, மற்றவர்கள் அதனுடன்தான் இணைகிறார்கள். அவர் விடுப்பில் போகும் நாள்களில் கணினியை அணைக்கக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் இருந்ததன் காரணம் இப்போதுதான் புரிந்தது. எஸ்எம்பி1-ஐப் பொறுத்தவரை வாளையாறு ஐயா சொன்னபடியே, 3000 நிகழ்வில் வந்த முகவரி குமுளியிலுள்ள ஒரு பழைய ஸ்கேனருடையது; ஸ்கேன் செய்த பட்டியலை அது சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் கொண்டுபோய் வைக்கிறது.

சோதனைக் குழுவுக்காக ஒரு செக்யூரிட்டி குரூப் உருவாக்கி, ஃபயர்வால் கொள்கையை அந்தக் குழுவுக்கு மட்டும் செல்லும்படி வடிகட்டியிருக்கிறேன். போடியிலுள்ளவை எடுத்துக்கொண்டன. குமுளிக் கணினி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. புதுப்பிப்புக் கட்டளை வெற்றி என்றே சொல்கிறது. எந்தக் கொள்கைகள் வந்து சேர்ந்தன என்று காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கையில் அந்தக் கொள்கையின் பெயரே இல்லை. அந்த ஊழியரின் கணக்கில் நுழைந்துதான் அறிக்கையை எடுத்தேன். காரணம் என்னவாக இருக்கும்?

வாளையாறு எழுதியது:

ஐயா, அறிக்கையை எடுத்த முறையை முதலில் மாற்றுங்கள். நிர்வாகி உரிமை இல்லாத கணக்கில் ஜிபிரிசல்ட்டை ஓட்டினால் பயனருக்குரிய பகுதி மட்டுமே வரும். ஃபயர்வால் கணினிக்குரிய கொள்கை என்பதால் அதில் தென்படாது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து மறுபடி எடுங்கள். அதில் மறுக்கப்பட்ட கொள்கைகள் என்ற பகுதியில் பெயரும், அருகில் செக்யூரிட்டி ஃபில்டரிங் என்ற காரணமும் இருந்தால், கீழே சொல்பவற்றைப் பாருங்கள்.

குழுவில் சேர்க்க வேண்டியது கணினியின் பெயரை. அங்கே வேலை செய்பவரின் பெயரை அல்ல. சேர்த்திருந்தாலும், தான் ஒரு குழுவில் சேர்ந்திருப்பது கணினிக்கு உடனே தெரியாது. தொடங்கும்போது பெற்ற அனுமதிச் சீட்டையே அது பயன்படுத்திக்கொண்டிருக்கும், ஆகையால் ஒரு மறுதொடக்கம் தேவை. குமுளி ஊழியரிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்னீர்களானால் அது போதாமல் போகலாம், ஏனெனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழுமையான அணைப்பு அல்ல. ரீஸ்டார்ட் என்பதையே கொடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் பயனர்களுக்கான கொள்கையை இதே முறையில் வடிகட்டுவதாக இருந்தால், 2016 ஜூன் மாதம் வந்த எம்எஸ்16-072 புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் கொள்கையைப் படிக்கும் உரிமை கணினிக் கணக்குகளுக்கும் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வண்டன்மேட்டு எஸ்க்யூஎல் சர்வர் பெயரிட்ட இன்ஸ்டன்ஸாக (தனிப் பெயர் கொடுத்து) நிறுவப்பட்டிருந்தால் அது வழக்கமான 1433 போர்ட்டில் இல்லாமல், தொடங்கும்போது கிடைத்த ஏதோ ஒரு போர்ட்டில் இயங்கும். அப்போது போர்ட் எண்ணை வைத்து விதி எழுதினால் இன்று ஓடும், அடுத்த மறுதொடக்கத்தில் நிற்கக்கூடும். நிரலின் இருப்பிடத்தை வைத்தே விதியை எழுதுங்கள். உடன், அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மற்றக் கணினிகள் கேட்டறியும் 1434 யுடிபி போர்ட்டையும் திறந்து வையுங்கள். அந்தத் தரவுத்தளத்தை ஒரு நல்ல நாளில் சர்வருக்கு மாற்ற வேண்டும் என்பது வேறு விஷயம். அதை இந்த மாற்றத்துடன் கலக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

திரும்பப் பெறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. ஃபயர்வால் கொள்கையின் இணைப்பை எடுத்துவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் கணினி தன் பழைய உள்ளூர் விதிகளுக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) பாலிசீஸ் என்ற பகுதிக்குள் எழுதப்படுபவை அவ்வாறு நீங்கிவிடும் தன்மை கொண்டவை. எஸ்எம்பி1-ஐ நிறுத்துவது அப்படியல்ல. அதன் சர்வர் பகுதியை குரூப் பாலிசி மூலம் நிறுத்தும்போது, கொள்கையின் பிரெஃபரன்சஸ் என்ற பகுதி வழியாக, கோப்புப் பகிர்வை நடத்தும் லேன்மேன்சர்வர் என்ற சேவையின் பதிவக இடத்தில் எஸ்எம்பி1 என்ற மதிப்பை 0 என்று எழுதுகிறோம். கொள்கையை எடுத்துவிட்டாலும் அந்த 0 அங்கேயே இருக்கும். திரும்பப் பெற வேண்டுமானால் 1 என்று எழுதும் எதிர்க் கொள்கையைத் தயாராக வைத்திருந்து அனுப்ப வேண்டும், சர்வரை மறுதொடக்கமும் செய்ய வேண்டும். கொள்கையின் பேக்கப் இங்கே உதவாது.

அதனால்தான் ஃபயர்வாலை முதலில் முடித்து, எஸ்எம்பி1-ஐ இரண்டாவதாக வைக்கச் சொல்வேன். அதற்கு முன்னால் குமுளி ஸ்கேனருக்கு ஒரு வழி செய்துவிடுங்கள். அதன் ஃபர்ம்வேருக்கு எஸ்எம்பி2 ஆதரவு தரும் புதுப்பிப்பு உண்டா என்று உற்பத்தியாளரின் தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் கோப்புறைக்குப் பதிலாக மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி கேபிள் மூலம் ஒரு கணினியுடன் இணைத்து, அந்தக் கணினியிலிருந்து சர்வருக்கு அனுப்பச் செய்யலாம். ஸ்கேனரைப் பயன்படுத்துபவர் புதிய முறையில் பழகிய பிறகு, தணிக்கைப் பதிவேட்டில் 3000 நிகழ்வு வருவது அறவே நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு எஸ்எம்பி1-ஐ நிறுத்துங்கள்.

கிளைகளில் ஏதாவது ஒரு கணினி முற்றிலும் துண்டிக்கப்பட்டுவிட்டால் அங்குள்ளவர் உள்ளே நுழைவதற்கு உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் தேவைப்படும். 2023 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் லேப்ஸ் இயங்குதளத்திலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அதுவே உருவாக்கி டைரக்டரியில் வைத்துக்கொள்ளும். அவசரத்தில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு உடனே மாற்றிவிடலாம்.

மேட்டுச்சாலை எழுதியது:

குமுளிக் கணினிக்குக் காரணம் நீங்கள் சொன்னதுதான், ஐயா. நிர்வாகியாக எடுத்த அறிக்கையில் கொள்கை மறுக்கப்பட்டதாக இருந்தது; ரீஸ்டார்ட் கொடுத்ததும் எடுத்துக்கொண்டது. விபிஎன்னைத் துண்டித்தும் சோதித்துவிட்டோம். டொமைன் சுயவிவரத்துக்கு மட்டும் எழுதியிருந்த அச்சுப்பொறி விதி அப்போது நின்றது உண்மை, மூன்றுக்கும் மாற்றியதும் சீட்டு வந்தது. வருகிற புதன்கிழமை ஏலம் முடிந்த பிறகு போடிக் கணக்குப் பிரிவு முழுவதையும் குழுவில் சேர்க்கிறோம், அதற்கடுத்த வாரம் எடைக் கவுன்டரின் இரண்டாவது கணினி, பின்னர் குமுளி. வண்டன்மேட்டில் எஸ்க்யூஎல் விதியை மேலாளர் அருகில் இருக்கும் நாளில்தான் இயக்குவோம். ஸ்கேனருக்கு எஸ்எம்பி2 புதுப்பிப்பு இல்லை. மின்னஞ்சல் வசதி இருக்கிறது, அதற்கான கணக்கை இன்று உருவாக்கிக் கொடுத்துவிட்டேன். அறிவிப்பின் மலையாள வடிவத்தைக் குமுளியில் கணக்கு பார்க்கும் சேச்சி எழுதித் தந்திருக்கிறார்.